ரெமிஜியஸ் கட்டிய பரண்

வியாழக்கிழமை காலை பத்து நாற்பதுக்குச் செய்தி வந்தது. அந்த நேரத்தில் தேசிகன் வைட்ஃபீல்டில், தீபகிரி இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், எடை போடும் பெட்டி ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பெட்டி நிமிஷத்துக்கு ஒரு சீட்டு துப்பிக்கொண்டிருந்தது. சீட்டின் ஓரத்தில் சிவப்புக் கோடு தெரிய ஆரம்பித்துவிட்டதா என்பதைப் பார்ப்பதுதான் அவருடைய வேலை. கோடு தெரிந்தால் காகிதச் சுருள் தீரப்போகிறது என்று பொருள். சுருள் தீர்ந்தால் பெட்டி நிற்கும். பெட்டி நின்றால் எழுபத்திரண்டு மணி நேரச் சோதனை முறிந்துபோய், திரும்பப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அப்போது சரியாக எழுபது மணி நேரம் ஆகியிருந்தது.

ஃபோனில் ஜூடித். ரெமிஜியஸின் மனைவி.

"தேசிகன் அண்ணா, ரெமி இறந்துட்டாரு," என்றார். "காலையில காபி குடிச்சாரு. ஷூ போட உக்காந்தாரு. ஒண்ணு போட்டாரு. இன்னொண்ணு கையிலயே இருந்துச்சு. டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு."

தேசிகனின் கண் மட்டும் தன் வேலையைச் செய்தது. சிவப்புக் கோடு வந்துவிட்டது.

"ஒரு நிமிஷம்மா," என்றார். ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். மூடியைத் திறந்து பழைய சுருளை எடுத்து, புதியதைப் போட்டு, நுனியை இழுத்து, மூடியை அறைந்து சாத்தினார். பெட்டி ஒரு சீட்டைக்கூடத் தவறவிடவில்லை. தான் என்ன செய்தோம் என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"என்னண்ணா சத்தம்?"

"பேப்பர் மாத்தினேன்மா."

ஜூடித் மூக்கை உறிஞ்சினார். பிறகு, "நேத்து பூரா அதையேதான் சொல்லிட்டிருந்தாரு," என்றார். "'சாமி பேப்பர் மாத்த மறந்துடுவான், பாரு'ன்னு."

"மறக்கலைன்னு சொல்லிடுங்கோ," என்றார் தேசிகன்.

சொல்லி முடித்த பிறகு இரண்டு பேரும் ஃபோனை வைக்காமல் அப்படியே இருந்தார்கள். பெட்டி இன்னும் மூன்று சீட்டு துப்பியது.

ரெமிஜியஸுக்கு வயது ஐம்பத்தெட்டு. லிங்கராஜபுரத்தில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர். மல்லேஸ்வரத்துத் தேசிகனுக்கு ஐம்பத்தேழு. தீபகிரியில் பதினெட்டு வருடமாக இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. ஒருவர் மென்பொருள் எழுதுவார், மற்றவர் அதில் குற்றம் கண்டுபிடிப்பார். அலுவலகத்தில் ஒருவருக்கு இன்னொருவர் 'சாமி', 'ரெமி'. கோபம் வந்தால் 'மேன்', 'டா'. மெட்ரோ வந்ததிலிருந்து தேசிகன் மெஜஸ்டிக்கில் ஏறி, பக்கத்து இருக்கையில் டிஃபன் பையை வைத்து, பையப்பனஹள்ளி வரைக்கும் அதைக் காப்பாற்றிக்கொண்டு வருவார். ஏழெட்டு ஸ்டேஷனில் எத்தனை பேர் வந்து முறைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சுலோகம் சொல்வதுபோல் உதட்டை அசைப்பார். பையப்பனஹள்ளியில் ரெமிஜியஸ் ஏறி, பையைத் தூக்கி மடியில் போட்டுவிட்டு உட்காருவார். நன்றி சொன்ன வழக்கம் கிடையாது. அந்த வியாழக்கிழமையும் தேசிகன் பையை வைத்துக் காத்தார். பையப்பனஹள்ளியில் ஆள் ஏறவில்லை. அடுத்த வண்டியில் வருவான் என்று நினைத்துக்கொண்டு, வைட்ஃபீல்ட் வரைக்கும் ஒரு கல்லூரிப் பெண்ணைப் பக்கத்தில் நிற்கவைத்தே வந்திருந்தார்.

இனி அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரெமிஜியஸின் கடைசிப் பதினோரு வருடங்கள் அதற்குள்தான் இருந்தன.

அது பட்டுக்கூடு எடை போடும் பெட்டி. சந்தைக்கு விவசாயி கூடு கொண்டுவருவார். பெட்டி எடை போட்டு, ஏல எண் கொடுத்து, சீட்டு அடித்துத் தரும். கர்நாடகம் முழுவதும் முந்நூற்று நாற்பது பெட்டிகள். இந்த வேலைக்கு நூற்று எண்பது எம்.பி. நினைவகம் போதும். ஆனால் பெட்டிகளை வாங்கிய அமைப்பில் யாரோ ஒருவர், அலுவலகக் கம்ப்யூட்டர் வாங்கிய பழைய டெண்டரை எடுத்து, 'கம்ப்யூட்டர்' என்ற இடத்திலெல்லாம் 'எடைப் பெட்டி' என்று மாற்றி அனுப்பிவிட்டார். அதனால் ஒவ்வொரு எடைப் பெட்டிக்கும் இரண்டு ஜி.பி. நினைவகம் கட்டாயமாயிற்று. மவுஸ் வைத்துக்கொள்ள ரப்பர் அட்டையும் கட்டாயம். பெட்டிக்கு மவுஸே கிடையாது. ஆனாலும் முந்நூற்று நாற்பது அட்டைகள் போய்ச் சேர்ந்தன. சந்தைகளில் அவற்றின் மேல் டீ கிளாஸ் வைக்கிறார்கள் என்று கேள்வி.

அட்டையைக் கொடுத்துவிட்டால் முடிந்தது. நினைவகம் அப்படியில்லை. பெட்டிக்குள் இருந்தது பழைய ரகப் பிராசசர். அதன் மேல் உட்கார்ந்து எல்லா வேலையையும் மேய்க்கும் அடிப்படை மென்பொருளுக்குக் கெர்னல் என்று பெயர். அந்தப் பழைய பிராசசரில் கெர்னலுக்கு நேராகக் கை எட்டுவது முக்கால் ஜி.பி.க்குத்தான். மிச்சமெல்லாம் எட்டாத உயரத்தில். புதிதாக மேனேஜராக வந்த லாவண்யா ஒருநாள் இதை விளக்கச் சொன்னபோது, ரெமிஜியஸ் தன் தெருவிலிருக்கும் மளிகைக்கடையை வைத்து விளக்கினார்.

"கடையில தரையில வெக்கிற சாமான் கை நீட்டினா வந்துடும் மேடம். மிச்சம் பரண் மேல. அதுக்கு ஏணி போடணும். ஏறி எடுத்துட்டு, ஏணியைத் திருப்பி வெச்சுடணும். கடையில ஏணி கொஞ்சம்தான். ஒருத்தன் வெக்காம போயிட்டான்னா மத்தவன் எல்லாம் நின்னுடுவான். கடையே நின்னுடும்."

"ஓகே. நம்ம பெட்டியில பரண் மேல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"ஒண்ணுமே இல்லையா?"

"தரையிலயே கால்வாசிதான் மேடம் ரொம்பியிருக்கு."

"அப்புறம் எதுக்கு பரண்?"

"டெண்டர்ல போட்டிருக்கு."

லாவண்யா நல்ல பெண். சிரிக்கவில்லை. நோட்டில் 'டெண்டர்' என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார்.

பரண் இருந்தாக வேண்டும் என்பதைவிட, அது கண்ணில் பட்டாக வேண்டும் என்பதே பெரிய தொல்லை. வருடா வருடம் ஜூன் மாதம் வாங்கியவர்கள் தரப்பிலிருந்து வீணா மேடம் வருவார். பெட்டியை ஓடவிட்டு, திரையில் இரண்டு ஜி.பி. காட்டுகிறதா என்று பார்ப்பார். காட்டினால் பராமரிப்பு ஒப்பந்தம் இன்னொரு வருடத்துக்கு நீளும். திரை ஒருநாளும் முழு இரண்டாயிரத்து நாற்பத்தெட்டைக் காட்டாது. கெர்னல் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொண்டு இரண்டாயிரத்து ஆறு என்றுதான் காட்டும். வீணா மேடம் வீட்டிலிருந்து கொண்டுவந்த கால்குலேட்டரில் கழித்துப் பார்ப்பார்.

"ஏன்றீ ரெமிஜியஸ், நாற்பத்திரண்டு எம்.பி. எங்கே போச்சு?" என்பார் கன்னடத்தில்.

பதினோரு வருடமாக அதே கேள்வி. ரெமிஜியஸ் கன்னடத்தில் வருடத்துக்கு ஒரு பதில் சொல்வார். ஒரு வருடம், "அபார்ட்மென்ட்ல வாட்ச்மேன் ரூம் கழிச்சுத்தானே மேடம் வீடு?" மறு வருடம், "சாம்பார் வைக்கிறப்போ கரண்டியில கொஞ்சம் ஒட்டிக்கும் இல்லியா?" பெருந்தொற்று வருடத்தில் வீடியோவில் நடந்த ஆய்வில், "அது வீட்லேர்ந்து வேலை செய்யுது மேடம்." வீணா மேடம் ஒன்றுக்கும் சிரித்தவரல்ல. "ஆய்த்து", அதாவது ஆயிற்று, என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

இந்த வருடம் ஜனவரியில் இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது வீணா மேடத்தின் மேலிடத்திலிருந்து. பாதுகாப்பு காரணமாக எல்லாப் பெட்டிகளும் ஜூன் ஆய்வுக்குள் புதிய கெர்னலுக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் நீளாது. இரண்டாவது, கெர்னலை உலகம் முழுவதும் இருந்து சேர்ந்து எழுதுகிறவர்களின் மின்னஞ்சல் குழுவிலிருந்து. பழைய பிராசசர்களில் பெரிய நினைவகத்துக்கான ஆதரவை இனி வரும் பதிப்புகளிலிருந்து நீக்கப்போகிறோம், இதை இன்னும் யாராவது பயன்படுத்துகிறீர்களா, சொல்லுங்கள்.

அதாவது, புதிய கெர்னல் வேண்டும், ஆனால் புதிய கெர்னலில் பரண் இருக்காது. பரண் இல்லையென்றால் திரையில் முக்கால் ஜி.பி.தான் தெரியும். ஒப்பந்தம் போனால் முந்நூற்று நாற்பது பெட்டிகளும் பழைய இரும்புக்குப் போகும், பெட்டிப் பிரிவும் போகும். பிரிவு என்றால் இரண்டு பேர். ஐம்பத்தெட்டும் ஐம்பத்தேழும். லாவண்யா இதை மிகவும் தன்மையாகச் சொன்னார். "வேற டீம்ல பார்க்கலாம் சார்," என்றார். அந்த வயதில் வேறு டீம் எதுவும் கிடையாது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

குழுவுக்கு ரெமிஜியஸ் பதில் எழுத உட்கார்ந்தார். பதினோரு நாள் எழுதினார்.

"என்னடா எழுதறே இவ்வளவு நாளா?" என்றார் தேசிகன்.

"யாரு யூஸ் பண்றீங்கன்னு கேக்கறான் மேன். நாங்கன்னு சொல்லணும். எதுக்குன்னு கேப்பான். அங்கதான் மாட்டிக்கிட்டு நிக்கிறேன்."

"உயிர் காக்கற மெஷின்னு எழுது. ஆஸ்பத்திரின்னு போடு. வெள்ளைக்காரன் பயந்துடுவான்."

"பொய் சொல்ல மாட்டேன் மேன். ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறவன் நான்."

"எங்கிட்ட மட்டும் தினம் சொல்றியே, 'முடிச்சுட்டேன் சாமி, டெஸ்ட் பண்ணு'ன்னு?"

"அது நம்பிக்கை மேன். பொய் வேற."

கடைசியில் உள்ளதை உள்ளபடியே எழுதிவிட்டார். எங்களிடம் முந்நூற்று நாற்பது பெட்டிகள் உள்ளன. எல்லாவற்றிலும் இரண்டு ஜி.பி. நினைவகம். அவற்றுக்குத் தேவை நூற்று எண்பது எம்.பி. மீதி எதற்கும் பயன்படுவதில்லை. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை ஒரு மேடத்துக்குக் காட்ட வேண்டும்.

இரண்டு நாளில் ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊரிலிருந்து ஒருவர் பதில் எழுதினார். இந்தக் கேள்வியைக் கேட்டுவரும் ஆறு வருடத்தில் இவ்வளவு நேர்மையான பதில் வந்ததில்லை, நன்றி, ஆனால் இதற்காகப் பரணை வைத்திருக்க முடியாது என்றார். கீழே ஒரு வரி. உங்கள் நிரல்களுக்குத் தேவை இவ்வளவு குறைவாக இருக்கும்போது, முகவரிப் பிரிவினையை ஏன் மாற்றக்கூடாது?

தேசிகனுக்குப் புரியவில்லை. ரெமிஜியஸுக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் வெளுத்தது.

விஷயம் இதுதான். கடையில் மொத்தம் நான்கு பங்கு இடம். மூன்று பங்கு வாடிக்கையாளருக்கு, அதாவது பெட்டியில் ஓடும் நிரல்களுக்கு, ஒரு பங்கு கடைக்காரருக்கு, அதாவது கெர்னலுக்கு என்று வழக்கமான ஏற்பாடு. அந்த ஒரு பங்குக்குள் சாமான் அடங்காததால்தான் பரண். ஏற்பாட்டைத் திருப்பி, வாடிக்கையாளருக்கு ஒரு பங்கும் கடைக்காரருக்கு மூன்றும் கொடுத்தால், இரண்டு ஜி.பி.யும் தரையிலேயே வந்துவிடும். பரணும் வேண்டாம், ஏணியும் வேண்டாம். அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி மாற்ற வேண்டும்.

"ஒரு வரியா?" என்றார் தேசிகன்.

"ஒரு வரி."

"பதினோரு வருஷமா நீ எத்தனை வரி எழுதினே?"

ரெமிஜியஸ் தன் கம்ப்யூட்டர் திரையின் மேல் விளிம்பில் ஒட்டியிருந்த மஞ்சள் தாளைப் பார்த்தார். அதில் அவர் கையெழுத்திலேயே, 'பிரிவினையில் கை வைக்காதே' என்று எழுதியிருந்தது.

அது பெட்டி உருவான வருடத்தில் ஒட்டியது. சீட்டு அடிக்கும் பிரிண்டரை ஓட்டும் மென்பொருளை அப்போது பிரிண்டர் செய்தவர்களே பூட்டிக் கொடுத்திருந்தார்கள். கடைக்காரர் பங்கு ஒன்றுதான் என்று நம்பி எழுதப்பட்ட மென்பொருள் அது. மாற்றினால் பிரிண்டர் சாகும். எனவே மஞ்சள் தாள். எனவே பரண், ஏணி, பதினோரு வருடம். ஆனால் ஐந்து வருடத்துக்கு முன் அந்தப் பிரிண்டர்க்காரர்கள் கடையை மூடிவிட்டுப் போனார்கள். ரெமிஜியஸ் மூன்று வாரம் உட்கார்ந்து பிரிண்டருக்குத் தன் கையாலேயே புதிதாக எழுதினார். அது எந்தப் பிரிவினையிலும் ஓடும். தடை அன்றே போய்விட்டது. தாள் மட்டும் போகவில்லை. நடுவில் அது வெளுத்து எழுத்து தெரியாமல் போனபோது, ரெமிஜியஸே புதுத் தாள் எடுத்து, அதே வாசகத்தை இன்னும் கொட்டையாக எழுதி ஒட்டியிருந்தார்.

"அஞ்சு வருஷம்டா," என்றார் தேசிகன். "இல்லாத பேய்க்குப் பயந்து, வேண்டாத பரண்ல, ஒண்ணுமில்லாத இடத்துக்கு ஏணி போட்டிருக்கே."

ரெமிஜியஸ் எழுந்து போய்விட்டார். அன்றைக்கு மெட்ரோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. பையப்பனஹள்ளியில் இறங்கும்போது மட்டும் திரும்பி, "நீ டெஸ்ட் பண்றவன்தானே? நீ ஏன் மேன் கண்டுபுடிக்கல?" என்றார். கதவு சாத்திவிட்டது. தேசிகன் மெஜஸ்டிக் வரைக்கும் அதற்குப் பதில் யோசித்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ரெமிஜியஸ் அந்த ஒரு வரியை மாற்றினார். பெட்டி புதிய கெர்னலில் எழுந்தது. திரையில் இரண்டாயிரத்துப் பதினொன்று. சீட்டும் அடித்தது. ரெமிஜியஸ் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார். லாவண்யா கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பெட்டி ஓடியது சரி. ஆனால் பரணுக்காக அவர் பழைய கெர்னலில் செய்திருந்த திருத்தங்கள் அப்படியே புதியதற்கும் வந்திருந்தன. எண்ணினால் அறுபத்து மூன்று. இனி அவை ஒன்றுக்கும் உதவாத அடைசல். சுத்தமாக எடுத்துவிடுவது முறை. கடைசியாகச் சேர்த்ததை முதலில் எடுக்க வேண்டும். தினம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று ரெமிஜியஸ் ஆரம்பித்தார்.

"ஒரே நாள்ல எடுத்துத் தொலையேன்," என்றார் தேசிகன்.

"பதினோரு வருஷம் போட்டது மேன். ஒரே நாள்ல புடுங்கினா நல்லதும் கூட வந்துடும்."

ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு குறிப்பு எழுதுவது வழக்கம். என்ன பிழை, எப்படிச் சரிசெய்தது, யார் சோதித்தது என்று. குறிப்புகளை ரெமிஜியஸைத் தவிர ஒருவரும் படித்ததில்லை. அந்தத் தைரியத்தில் அவர் அதில் எதையும் எழுதியிருந்தார். எடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தார். ஆங்கிலத்தில் எழுதியது. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'ஐம்பத்திரண்டு. ஏணியைத் திருப்பி வைக்க மறந்த இடம் ஒன்று சரிசெய்யப்பட்டது. கே.ஆர்.புரம் பாலத்தில் பஸ் நகராத நாற்பது நிமிடத்தில் யோசித்தது. சோதித்தவர்: தேசிகன், முணுமுணுத்துக்கொண்டே.'

"என் பேர் எதுக்குடா அதுல?" என்று துள்ளினார் தேசிகன்.

"டெஸ்ட் பண்ணது நீதானே?"

"முணுமுணுத்துக்கொண்டேன்னு எழுதுவாளா?"

"முணுமுணுத்தே இல்ல?"

'நாற்பத்தொன்று. இரண்டு ஏணிகள் ஒரே நேரத்தில் போட்டால் பெட்டி நிற்பது சரிசெய்யப்பட்டது. இன்று மகன் க்ளெனுக்குக் கணக்குத் தேர்வு முடிவு. ஐம்பத்தெட்டு. இந்தத் திருத்தமும் ஏறக்குறைய அந்தத் தரம்தான். சோதித்தவர்: தேசிகன், ஏகாதசிப் பசியில்.'

'முப்பத்து நான்கு. வீட்டிலிருந்து. மேசை இல்லாததால் இஸ்திரி போடும் பலகையின் மேல். ஒரு சட்டையும் கெட்டது. சோதித்தவர்: தேசிகன், ஃபோனில், நம்பாமல்.'

'இருபத்தொன்பது. ஜூடித் பல் பிடுங்கிக்கொண்டதால் மூன்று நாள் வீடு அமைதி. நான்கு பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டன.'

"இதை அவங்க படிச்சா?"

"அவளுக்கு இதெல்லாம் பொறுமை கிடையாது மேன். டெண்டர் வரைக்கும் கேப்பா. பரண்னு ஆரம்பிச்சா எழுந்து போயிடுவா."

மதியம் ஒன்றே முக்காலுக்குத் தேசிகன் தன் நாற்காலியைத் தானாகவே அந்தப் பக்கம் நகர்த்திப் போட ஆரம்பித்தார். திட்டுவதற்காக என்று சொல்லிக்கொண்டார். மே மாதத்தில் ஒருநாள் பன்னிரண்டாவது வந்தது. ரெமிஜியஸ் அதையும் நிறுத்தாமல் படித்தார். 'அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து எழுதியது. சரியாக இருக்கிறதா என்று தெரியவில்லை. சோதித்தவர்: தேசிகன், இரண்டு முறை.' அன்றைக்குத் தேசிகன் எதற்கும் திட்டவில்லை. ரெமிஜியஸ் பட்டனை அழுத்தினார். பன்னிரண்டாவது போயிற்று.

ஆய்வுக்கு முந்தைய வாரம் திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு எழுபத்திரண்டு மணி நேரச் சோதனையைத் தொடங்கினார்கள். அது முழுசாக ஓடி, அந்த அறிக்கையில் சோதித்தவர் கையெழுத்து இருந்தால்தான் வீணா மேடம் பெட்டியைத் தொடுவார். இரவில் காகிதம் மாற்ற செக்யூரிட்டிக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பகலில் தேசிகன். சோதனை ஒரு பெட்டியில் ஓட, தன் கம்ப்யூட்டரில் ரெமிஜியஸ் தினக்கணக்கைத் தொடர்ந்தார். புதன்கிழமை மதியம் மூன்றாவதை எடுத்தார். குறிப்பில் ஒன்றும் விசேஷமில்லை. 'பெட்டி நின்றது. இப்போது நிற்கவில்லை. ஏன் என்று தெரியாது. சோதித்தவர்: தேசிகன், அவருக்கும் தெரியாது.'

வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கு லாவண்யா வந்து தேசிகனின் தோளைத் தொட்டார். அவருக்கும் செய்தி வந்திருந்தது.

"நீங்க கிளம்புங்க சார். கேப் சொல்லியிருக்கேன்."

"இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கும்மா. பேப்பர்..."

"நான் உக்கார்றேன்."

"சிவப்புக் கோடு..."

"பார்த்துப்பேன் சார்."

மேனேஜர் லாவண்யா மதியம் வரை வந்த இரண்டு மீட்டிங்கையும் தள்ளிவிட்டு, தரையில் காலை மடக்கி உட்கார்ந்து, இரண்டு கையிலும் காகிதச் சுருளோடு சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு செக்யூரிட்டிக்காரர் சொன்னார். பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குத் தேசிகனுக்குச் செய்தி அனுப்பினார். 'முடிந்தது. ஒரு சீட்டும் தவறவில்லை.' தேசிகன் அப்போது லிங்கராஜபுரத்தில், ரெமிஜியஸ் வீட்டு வாசலில், வாடகை நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். படித்துவிட்டு உள்ளே போய், பெட்டி முழுசாக ஓடிவிட்டது என்று ஜூடித்திடம் சொன்னார். ஜூடித் தலையை ஆட்டினார். "இப்பவாவது அந்த மேடம் சிரிப்பாங்களா?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை அடக்கம். பிரசங்கத்தில் பாதிரியார், ரெமிஜியஸ் பட்டு வியாபாரத்தில் நேர்மையாக உழைத்த மனிதர் என்றார். பதினோரு வருடமாகப் பூசை முடிந்து வாசலில் நிற்கும்போதெல்லாம் பட்டுக்கூட்டைப் பற்றியே பேசியதன் பலன். க்ளென் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து ஒரு மாமி முதுகைத் தடவிக்கொடுத்தார். கல்லறைத் தோட்டத்தில் இன்னொரு மாமி தேசிகனிடம் வந்து, "நீங்கதான் பார்ட்னரா? கடையைத் தொடர்ந்து நடத்துவீங்கதானே?" என்றார்.

"முயற்சி பண்றேன்," என்றார் தேசிகன். வேறென்ன சொல்வது?

திங்கட்கிழமை பத்து மணிக்கு வீணா மேடம் வந்தார். சோதனை அறிக்கையைப் பார்த்தார். பாதுகாப்புச் சான்றிதழைப் பார்த்தார். பெட்டியை ஓடவிடச் சொன்னார். திரையில் இரண்டாயிரத்துப் பதினொன்று. பையிலிருந்து கால்குலேட்டர் வந்தது. கழித்தார். பழைய கோப்பைப் புரட்டினார். மறுபடி கழித்தார்.

"ஏன்றீ, போன வருஷம் வரைக்கும் நாற்பத்திரண்டு குறைஞ்சது. இந்த வருஷம் முப்பத்தேழுதான் குறையுது. ஐந்து எம்.பி. எங்கேர்ந்து வந்தது?"

பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட யாரும் இதற்குத் தயார் செய்திருக்கவில்லை. தேசிகனின் கன்னடம் காய்கறி வாங்கும் அளவுக்கு ஜோர். அதைத் தாண்டினால் தடுமாறும். புதிய கெர்னல், பிரிவினை, பரண் இல்லை, ஏணி இல்லை என்று ஏதேதோ ஆரம்பித்துப் பாதியில் நின்றார்.

"ரெமிஜியஸ் பண்ணினது மேடம்," என்றார் கடைசியில்.

"அவரைக் கூப்பிடுங்க. அவர் சொல்லட்டும்."

லாவண்யாதான் சொன்னார். வீணா மேடம் கால்குலேட்டரை மூடிப் பைக்குள் வைத்தார். காலியாக இருந்த பக்கத்து நாற்காலியை ஒருமுறை பார்த்தார். பிறகு கோப்பை இழுத்து, குறிப்புப் பத்தியில் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுதினார். 'ஐந்து எம்.பி. அதிகம். காரணம்: திரு. ரெமிஜியஸ். ஏற்கத்தக்கது.' கீழே கையெழுத்துப் போட்டார்.

"ஆய்த்து," என்றார்.

ஒப்பந்தம் நீண்டது. முந்நூற்று நாற்பது பெட்டிகளுக்கும் புதிய கெர்னல் போய்ச் சேர்ந்தது. அது இரண்டு மாதம் முந்தைய கதை. பெட்டிப் பிரிவில் இப்போது தேசிகன் ஒருவர்தான். புதிய ஆள் எடுப்பதாக லாவண்யா சொல்லியிருக்கிறார்.

அறுபத்து மூன்று திருத்தங்களில் அறுபத்தொன்று எடுக்கப்பட்டுவிட்டன. முதலாவதும் இரண்டாவதும் தேசிகன் தொடாமல் புதிய கெர்னலுக்குள் அப்படியே இருக்கின்றன. அவற்றால் பெட்டிக்குக் கெடுதல் இல்லை. எடுக்கப் பத்து நிமிடம் பிடிக்கும்.